பந்துக்கு ஒரு பாடு

ஏரியூர் அணி ஒரு கோப்பையும் வாங்கியதில்லை. ஏரியூர் என்று ஓர் ஊரும் பழவேற்காட்டைச் சுற்றி எங்கும் கிடையாது. பொன்னேரிக்கு ஆடப் போனால் மைக் பிடித்தவர், "எந்த ஏரியூர்பா நீங்க?" என்பார். "ஏரிக்கு எந்தக் கரையில வேணா வெச்சுக்கோ" என்பான் தாமோதரன். அவன்தான் கோல் காப்பவன். கேப்டனும் அவன்தான். ஆடித் தோற்றுக் கடைசி பஸ்ஸில் திரும்புவார்கள். அனுப்பம்பட்டில் ஆடியபோது ஒன்பது கோல் வாங்கினார்கள். பத்தாவதைத் தடுத்ததைத் தாமோதரன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அவன் பெண்டாட்டி லோகநாயகிக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை. மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட அந்தச் சட்டைகளை அவள் துவைத்தாள். அதோடு சரி.

அந்தப் புரட்டாசியில் ஏரி வற்றிக் கிடந்தது. முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தது. தண்ணீர் கைபட்டால் சுட்டது. மழை வந்து முகத்துவாரம் உடைந்தால் இறால் ஓடும். அதற்கு முன் பாடு குலுக்க வேண்டும்.

பாடு என்பது தண்ணீரில் இறங்கும் முறை. இறால் ஓடும் இடம் கொஞ்சம், வீடு நிறைய. அதனால் வருசத்துக்கு ஒரு தடவை அம்மன் கோயில் முன்னால் குடத்தை வைப்பார்கள். வீட்டுக்கு ஓர் அடையாளம் உள்ளே போகும். ஒரு வீட்டுக்குச் சோழி, ஒரு வீட்டுக்கு ஈயக்குண்டு, ஒரு வீட்டுக்கு உடைந்த வளையல். தாமோதரன் வீட்டுக்கு அவன் அப்பன் படகில் இருந்த செப்பு ஆணி. வெளியூர் ஆள் ஒருவன் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பான். எடுத்த வரிசைதான் முறை, ராத்திரிக்கு ஒரு வீடு; அமாவாசை இருட்டில்தான் இறால் நிறைய ஓடும். அடையாளம் வெளியே வந்ததும் அந்த வீட்டிலிருந்து "கீறோம்" என்று குரல் வர வேண்டும். ஊரில் இருக்கிறோம், வலை இருக்கிறது, இறங்குவோம் என்று அர்த்தம். முதல் கை குடத்துக்குள் போன பிறகு ஒன்றைப் போடவும் கூடாது, எடுக்கவும் கூடாது. ஊர்த் தலைவரான நாட்டாரே ஆனாலும்.

குடத்தில் இருக்கும் வீட்டுக்குக் கரையில் ஒரு மேடும் உண்டு, வலை காயப்போட. மேட்டில் நட்ட கழிகளை அந்த வீட்டார் கையால்தான் பிடுங்கலாம். ஊரை விட்டுப் போகிறவன் கழிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போவான். அதோடு மேடு ஊருக்குத் திரும்பிவிடும்.

பந்துக்கும் ஒரு மேடு இருந்தது. ஒல்லாந்துக்காரன் கோட்டை இடிந்து கிடந்த முள்காட்டுக்கும் ஏரிக்கும் நடுவில். கோட்டைச் செங்கல்லைப் பதித்துக் கோடு போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் சவுக்குக் கழியில் கோல். அதுதான் ஏரியூர் மைதானம். அங்கேதான் வம்பு வந்தது.

கஸ்தூரியம்மாள் ஒரு சட்டியோடு வந்தாள். லோகநாயகிக்கு அக்கா. ஊர் நாட்டார் வரதன் அவள் புருஷன்.

"அடுப்பு பத்த வெக்கலியாடி?"

"வெச்சு இன்னாத்தப் போட? ஏரியில முட்டிக்குக் கீழ தண்ணி. நண்டே வெறுத்துப்போயி கரையேறி நடக்குது."

"இந்தா, கிழங்கா மீனு வறுத்தேன்."

சட்டியை வைத்தவள் எழுந்து போகவில்லை. முந்தானையைச் சரிசெய்தாள். திரும்பவும் சரிசெய்தாள்.

"மாமா சொல்லி அனுப்பிச்சாரா?" என்றாள் லோகநாயகி.

"அவரு அனுப்பிச்சாதான் வரணுமா? தங்கச்சி வூட்டுக்கு நான் வரக் கூடாதா?"

"வா. யாரு வாணான்னது. விசயத்தச் சொல்லு."

"எறா கம்பெனிக்காரன் மறுபடியும் வந்தாண்டி. கோட்ட மேட்டுலதான் கொட்டாய் போடுவானாம். லாரி வர்றதுக்கு அதான் தோதாம். ஐஸ் மெஷின் வெப்பானாம். எறா உரிக்கிற வேல முச்சூடும் நம்ம பொம்பளைங்களுக்குத்தான்றான். நீ எதுக்குக் கூடையத் தூக்கிக்கினு பொன்னேரி பஸ்ல அடிபடணும்? நாறுது நாறுதுன்னு கண்டக்டர் கிட்ட ஏச்சு வாங்கணும்?"

அது நிஜம். நேற்றுகூட அவள் கூடையை பஸ்ஸின் பின்படியிலிருந்து இறக்கச் சொல்லியிருந்தான்.

"போடட்டும். நல்லதுதானே."

"உன் வூட்டுக்காரருதான் ஒத்துக்க மாட்டன்றாரு. பந்துக் கழியப் புடுங்க மாட்டாராம். அவரு கையால புடுங்கணும். வேற எவனாவது கை வெச்சா, நாளைக்கு அவன் கழி மேல இன்னொருத்தன் கை வெப்பான். அதான் ஒருத்தனும் கிட்டப் போவ மாட்டன்றான்."

"அதுக்கு?"

கஸ்தூரியம்மாள் வாசலைப் பார்த்தாள். "குலுக்கலுக்கு முன்ன புடுங்கலேன்னா உங்க ஆணியக் குடத்துலேர்ந்து எடுத்துருவாங்களாம்."

லோகநாயகி கிழங்கா மீனின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"யாரு சொன்னது?"

"ஊரு சொல்லுச்சு."

"ஊருன்னா எங்க அக்கா புருசன்தானே."

"என்னைக் கேட்டா? நான் இன்னாடி பண்ணுவேன்." அவள் கண் கலங்கியது. "சட்டிய அப்புறமா குடுத்து அனுப்பு."

தாமோதரன் உச்சி வெயிலில் வந்தான். பின்னால் தேசப்பன். தேசப்பன் முன்னால் நின்று ஆடுகிறவன். போட்ட கோலைவிடப் போடாத கோலுக்குப் பேர் வாங்கியவன். இரண்டு பேரும் கூழைக் குடித்தார்கள். வறுத்த மீன் இரண்டு பேருக்கும் போதவில்லை.

"ஆணி போவுமாமே" என்றாள்.

"போவட்டும்."

"சோறும் போவும்."

"கூலிக்கு வல இழுப்பேன். எங்க நைனா இழுக்கல?"

"உங்க நைனா கூலிக்கு இழுத்து படகு கட்டுனாரு. அந்தப் படகு ஆணிதான் குடத்துல கீது. நீ படகுலேர்ந்து எறங்கி கூலிக்குப் போறேன்ற. நல்ல முன்னேத்தம்."

தேசப்பனுக்குப் புரையேறியது. "அண்ணி போட்டாங்க பாரு கோலு."

"நீ வாய மூடு. உன்து இன்னா போவுது?"

"என்து சோழி அண்ணி. அது பத்திரமா கீது."

"இன்னாய்யா கீது அந்தப் பந்துல?" லோகநாயகி புருஷனைப் பார்த்துக் கேட்டாள். "ஒரு நாளாவது கெலிச்சீங்களா?"

"அந்த ஏரியூர்கூடத்தான் கெலிக்கல" என்றான் தாமோதரன். கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனான்.

அந்த ஏரியூர் கதை குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பெரிய புயல் அடித்த பிறகு வீடு கட்டிக் கொடுக்க ஒரு மாதா கோயில் சாமியார் வந்தார். ஸ்பெயின் தேசத்துக்காரர். மிக்கேல் சாமி என்பார்கள். குப்பத்தில் எல்லாரும் அம்மனைக் கும்பிடுகிறவர்கள். அவர் யாரையும் மாறச் சொல்லவில்லை. காலையில் செங்கல் அடுக்கினார், சாயந்தரம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்து உதைத்தார். அவர் ஊரும் கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு மணல் திட்டாம். சுற்றி நெல் வயலாம். அங்கேயும் வருசத்துக்கு ஒரு தடவை மீன்பிடிக்கிறவர்கள் கூடிச் சீட்டுப் போட்டு ஏரியில் இடம் பிரிப்பார்களாம். இங்கே குடத்தை முதல் தடவை பார்த்தபோது மனுசன் மணலில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

அவர் ஊர்ப் பேர் யார் வாயிலும் நுழையவில்லை. ஏரியூர் என்று வைத்துக்கொண்டார்கள். அந்த ஊர் அணி அவர் தாத்தா காலத்தில் ஒரு வலைக் கொட்டகையில் தொடங்கியது. பந்து, கப்பலில் வந்த இங்கிலீஷ்காரர்கள் விட்டுப்போனது. "வுட்டுட்டுப் போனதா, இவங்க தூக்கினு வந்ததா?" என்று தேசப்பன் ஒவ்வொரு தடவையும் கேட்பான். அந்த நாட்டில் அணிகளை மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று அடுக்கி வைப்பார்களாம். ஏரியூர் எப்போதும் கடைசித் தட்டு. ஒரு தடவை மேலே ஏறி, அடுத்த வருசமே இறங்கியது. பந்தும் சட்டையும் வாங்குவதற்காகச் சீட்டில் பந்துக்கும் ஒரு பங்கு வைத்தார்கள்.

பிறகு அங்கே உள்நாட்டுச் சண்டை வந்தது. சங்கத்தைக் கலைத்தார்கள். ஓர் அரிசி ஆலைக்காரன் மைதானத்தை வாங்கிச் சுவர் எழுப்பினான். ஞாயிற்றுக்கிழமை ஆட வந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள். கோல் கழிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் ஏரி நடுவில் ஒரு திட்டில் நட்டு ஆடினார்கள். தண்ணீர் ஏறினால் ஆட்டம் முடிந்தது. அப்படியே பல வருசம். அந்தத் திட்டில் ஏரியூரை யாரும் தோற்கடித்ததில்லை. வந்த அணிகளுக்கு நீச்சல் தெரியாது. கடைசியில் ஆலை நொடித்தது. சுவர் விழுந்தது. ஏரியூர்க்காரர்கள் கழியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். வந்து ஆடிய முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள்.

லோகநாயகி அப்போது புதுப் பெண்டாட்டி. "அவ்ளோ பண்ணிட்டுத் தோத்தாங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

"தோத்தாங்க" என்றார் மிக்கேல் சாமி. "சொந்த மண்ணுல தோத்தாங்க."

அவர் சொல்லித்தான் இந்தக் குடத்திலும் பந்துக்கு ஓர் அடையாளம் விழுந்தது. கிழிந்த பந்தின் தோல் துண்டு. பந்தை ஒரு வீடாக எண்ணினார்கள். குப்பத்தில் எதைக் கொடுத்தாலும் ஒரு வீட்டுக்குத்தான் கொடுப்பார்கள். வேறு மாதிரி கொடுத்துப் பழக்கமில்லை. பந்தின் பாடு வந்தால் ஆட்டக்காரர்கள் சேர்ந்து வலை போட்டார்கள்.

சாமியார் மாற்றலாகிப் போனார். இறால் விலை ஏறியது. பந்துப் பாடு இனிமேல் கோயில் காரியத்துக்கு என்றார் வரத நாட்டார். அம்மன் பேரைச் சொன்னதால் தாமோதரனும் தலையாட்டினான். அதிலிருந்து தோல் துண்டு வெளியே வந்தால் நாட்டார் "கீறோம்" என்பார். அவர் பிள்ளைகள் வலை போடுவார்கள். கோயிலுக்கு ஒரு மணி வந்தது. நாட்டார் வீட்டுக்கு மாடி வந்தது.

வெயில் சாய்ந்ததும் லோகநாயகி கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கோட்டை மேட்டுக்குப் போனாள். தாமோதரன் கையால்தான் பிடுங்க வேண்டும் என்பதில்லை. வீட்டார் கை என்றால் அவள் கையும்தான்.

மேட்டில் யாரும் இல்லை. வாடைக் காற்று இன்னும் வரவில்லை. முள்காட்டுக்குள் ஓர் ஆடு கத்தியது. தெற்குக் கோலின் இடது கழி அடியில் குத்தினாள். மணல் இரண்டு சாண். அதற்குக் கீழே கோட்டைச் செங்கல்லை நெருக்கிச் சொருகியிருந்தார்கள். மஞ்சளாக, கைக்கு அடக்கமான கல். ஒவ்வொன்றாகப் பெயர்த்துப் போட்டாள். கழி ஆடவில்லை. புருஷன் நட்ட கழி. வீட்டுக் கூரைக்கு நட்ட கழிகூட இத்தனை ஆழம் இல்லை என்று நினைத்தாள். கோபம் வந்தது. இன்னும் குத்தினாள்.

சைக்கிள் சத்தம் கேட்டது. வரத நாட்டார். வாயில் வெற்றிலை. காலை ஊன்றிக்கொண்டு பார்த்தார். அண்ணாந்து எச்சிலைத் தாங்கிக்கொண்டு பேசினார்.

"அப்படித்தான் லோகு. அந்த வூட்ல மூள உனக்குத்தான்னு நான் எப்பவும் சொல்வேன்."

"இத்தப் புடுங்குனா ஆணி இருக்கும்ல மாமா?"

"இருக்கும். அதுக்கு நானாச்சு."

"பந்து?"

நாட்டார் திரும்பித் துப்பினார். ஆற அமரத் துப்பினார். வாயைத் துடைத்தார்.

"எந்தப் பந்து? அது செத்து எத்தினி வருசம் ஆவுது. ஒம்போது கோலு வாங்கறதெல்லாம் ஒரு டீமா? ஒல்லாந்துக்காரனே கோட்டைய வுட்டுட்டுப் போயிட்டான், பந்தாம் பந்து. ஊர்ல அப்படி ஒரு வூடே கெடையாது."

"கெடையாதா மாமா?"

"கெடையாது. எழுதி வெச்சுக்கோ."

லோகநாயகிக்குப் போன கார்த்திகை ஞாபகம் வந்தது. அக்கா ஒரு கூடை இறால் கொண்டுவந்து, பொன்னேரியில் விற்றுத் தரச் சொன்னாள். பெருவெட்டு இறால், உயிரோடு துள்ளிற்று. இது எந்தப் பாட்டில் விழுந்தது என்று இவள் கேட்டாள். பந்துப் பாடு என்றாள் அக்கா. அப்போது பந்து சாகவில்லை.

வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். சொன்னால் மனுசன் இன்றைக்கே குடத்திலிருந்து தோலை எடுத்துவிடுவார். சொல்லாவிட்டால் எடுக்க மாட்டார். எடுத்தால் அவர் பிள்ளைகளுக்கு ஒரு பாடு குறையும்.

கடப்பாரையை உருவித் தோளில் போட்டாள்.

"இன்னா, போற?"

"இடுப்பு புடிச்சுக்கிச்சு மாமா. அப்புறமா பாத்துக்கலாம்."

"குலுக்கல் வருது, பாத்துக்கோ."

"தெரியும் மாமா."

அவர் சைக்கிள் வளைவில் மறையும்வரை நின்றாள். பெயர்த்த கல்லையெல்லாம் திரும்பச் சொருகினாள். மணலைத் தள்ளிக் காலால் மிதித்து இறுக்கினாள்.

தாமோதரன் வாசலில் வலை முடிந்துகொண்டிருந்தான்.

"கழியப் புடுங்காத" என்றாள்.

அவன் ஊசியை நிறுத்தினான். "நீயா சொல்ற?"

"நான்தான்."

"ஆணி?"

"போவட்டும்."

"சோறு?"

"கூலிக்கு இழு. நீதானே சொன்ன."

"இன்னாமே ஆச்சு உனக்கு? கோட்டையில ஏதாவது அடிச்சுருச்சா?"

"சொல்ல மாட்டேன். உன் கையில பந்து நிக்காது, வாயில பேச்சு நிக்காது. நீ தேசப்பன் கிட்டச் சொல்லுவ, அவன் ஏரி முச்சூடும் சொல்லுவான். ஒண்ணு பண்ணு. குலுக்கலன்னிக்கு பதினோரு பேரும் சட்டை போட்டுக்கினு வந்து நில்லுங்க. அந்தச் சட்டைங்களக் கொண்டாந்து போடு, தொவைக்கணும்."

அவன் ஏதோ கேட்க வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனான்.

அம்மனைவிட நாட்டாரின் ஆசையைத்தான் அவள் நம்பியிருந்தாள். அது பொய்த்தால் ஆணியும் போகும், பந்தும் போகும். துவைத்துத் துவைத்து மஞ்சள் வெளுத்துப் போன சட்டைகளை முள்வேலியில் காயப்போட்டாள்.

குலுக்கல் அன்று காலையில் மேற்கே மேகம் கட்டியிருந்தது. ஆண்கள் பாயில் உட்கார்ந்தார்கள். பெண்கள் வேப்பமரத்தடியில் நின்றார்கள். அங்கே அவர்கள் பேசுவதில்லை. வரி வரியாகச் சட்டை போட்ட பதினோரு பேர் பின்னால் வரிசையாக நின்றார்கள்.

"இன்னாடா, கோயிலாண்ட புலி வேசமா?" என்றான் ஒருவன்.

"கெலிச்சிட்டு வந்துகீறாங்க. பூசணிக்கா சுத்துங்கப்பா."

தோணிரேவிலிருந்து பச்சைமுத்து வந்திருந்தார். இந்த வருசம் அவர் கைதான் குடத்துக்குள் போக வேண்டும். துண்டால் அவர் கண்ணைக் கட்டினார்கள். நாட்டார் குடத்தைப் பாயில் கவிழ்த்தார். சோழியும் குண்டும் வளையலும் சிதறின.

"ஊர்க்கட்டு மீறுனது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றார். செப்பு ஆணியை எடுத்தார். தாமோதரனைக் கூப்பிட்டு அவன் கையில் போட்டார். தாமோதரன் உள்ளங்கையைப் பார்த்தபடி வரிசைக்குத் திரும்பினான்.

நாட்டார் மற்றதையெல்லாம் அள்ளினார். தோல் துண்டு கையில் வந்தது. சுருங்கிக் கறுத்து, காய்ந்த மீன் போலிருந்தது. அதை விரலால் திருப்பினார். நிமிர்ந்து வரிச் சட்டைகளைப் பார்த்தார். லோகநாயகி வேப்பமரத்தின் பட்டையை நகத்தால் பிடித்துக்கொண்டாள்.

மூத்த பிள்ளை முன்வரிசையில் உட்கார்ந்து அப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாட்டார் தோலைக் குடத்துக்குள் போட்டார்.

பச்சைமுத்து கையை விட்டார். ஈயக்குண்டு. "கீறோம்." வளையல். "கீறோம்." தேசப்பனின் சோழி சீக்கிரமே வந்தது. "கீறோம்" என்று அவன் கூவியது அக்கரைக்குக் கேட்டிருக்கும். நாகப்பன் வீட்டு மிதவைக் கட்டைக்கு முதல் அமாவாசை விழுந்தது. அவன் துண்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்தான். கொஞ்ச நேரம் போனது. அமாவாசையை ஒட்டிய இருட்டு நாட்கள் எல்லாம் தீர்ந்தன. இறால் ஓடாத வளர்பிறைப் பாடுகள் மிச்சம் இருந்தன. பச்சைமுத்து கையை வெளியே எடுத்து விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, கருவாடா?"

தோல்.

நாட்டார் அவசரப்படவில்லை. இத்தனை வருசமாக அவரைத் தவிர யாரும் அதற்குக் குரல் கொடுத்ததில்லை. வாயில் வெற்றிலை நிறைந்திருந்தது. பக்கவாட்டில் திரும்பிக் குனிந்தார், துப்ப.

"கீறோம்" என்றாள் லோகநாயகி.

எல்லாரும் வேப்பமரத்தைப் பார்த்தார்கள். நாட்டார் துப்பினது அவர் வேட்டியிலேயே விழுந்தது.

"யாரது?"

"நான்தான் மாமா."

"உன் ஆணிய எடுத்தாச்சு லோகு. உனக்கு இங்க கொரல் கெடையாது."

"என் வூட்ட எடுத்தீங்க. எடுத்துக்கோங்க. பந்த எடுக்கல. அது குடத்துல இருந்துச்சு, வந்துகீது."

"பந்துன்னு ஒரு வூடே கெடையாது."

"கெடையாதுன்னா குடத்துல எதுக்குப் போட்டீங்க? இப்போதான் போட்டீங்க, எல்லாரும் பாத்தாங்க. வூடு இல்லன்னா போன கார்த்திகையில உங்க புள்ளைங்க யாரு தண்ணியில வல போட்டாங்க? அந்த எறாவ நான்தானே கூடையில சொமந்தேன். அக்காவக் கேளுங்க."

கஸ்தூரியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

"அது கோயிலுக்குப் புடிச்சது."

"கோயிலுக்குத் தனியாக் குடத்துல ஒண்ணு போடுங்க, நான் வாணான்னேனா? இது பந்து. வூடு கீதுன்னா மேடும் கீது. மேட்டக் கம்பெனிக்குக் குடுக்கணும்னா அந்த வூட்டக் கேக்கணும். கேளுங்க."

"பொம்பள கொரல் செல்லாது" என்றார் நாட்டார். கழுத்து நரம்பு புடைத்தது. "எந்தக் காலத்துல செல்லும்?"

"கீறோம்" என்றான் தாமோதரன்.

"கீறோம்" என்றான் தேசப்பன். வரிசையில் அடுத்தவன் சொன்னான். அதற்கடுத்தவன் சொன்னான். பதினோரு பேரும் சொல்லி முடிக்கும்வரை நாட்டார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அதில் இரண்டு பேர் அவர் பங்காளி வீட்டுப் பிள்ளைகள்.

"இது ஏற்பாடு பண்ணிக்கினு வந்தது. குலுக்கலக் கலைங்க. எல்லாத்தையும் உள்ள போடு, மறுபடியும் எடுக்கலாம்."

நாகப்பன் எழுந்துவிட்டான். "எனக்கு மொத அமாவாச வந்துகீது நாட்டாரே. எட்டு வருசமா அஷ்டமிலயும் நவமிலயும் எறங்குனேன். கலைக்கிற பேச்சு பேசாதீங்க." வளையல் வீட்டுக்காரனும் எழுந்தான். நல்ல பாடு விழுந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள்.

பச்சைமுத்து கட்டின கண்ணோடு, குரல் வந்த பக்கமெல்லாம் தலையைத் திருப்பினார். "கையத் திரும்பவும் உள்ள வுட்டுட்டேன். எடுக்கறதா, தோணிரேவுக்குப் போறதா, சொல்லிட்டு சண்ட போடுங்க."

நாட்டார் கறை பட்ட வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எடு" என்றார்.

கூட்டம் கலைந்தபோது லோகநாயகியைத் தாண்டிப் போனவர் நின்றார். "அடுத்த வருசம் பாத்துக்கறேன்."

"பாருங்க மாமா. குடம் எங்கயும் போவாது."

தாமோதரன் கையில் ஆணி இருந்தது. அதை அவள் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போகாமல் நேரே கோட்டை மேட்டுக்குப் போய், தெற்குக் கோலின் இடது கழியில், தான் அசைக்க முடியாத அந்தக் கழியில், ஒரு கோட்டைச் செங்கல்லால் அதை அடித்து இறக்கினாள். கல் உடைந்தது. ஆணி நின்றது.

மழை வந்தது. முகத்துவாரம் உடைந்தது. இறால் ஓடியது. தாமோதரன் நாகப்பனின் வலையில் கூலிக்கு இறங்கினான். தன் அப்பன் படகில் ஏறி இன்னொருவன் பாட்டுக்குப் போனான். கம்பெனிக்காரன் வேறு குப்பத்தில் கொட்டகை போட்டுவிட்டான். "எறா உரிச்சுக்கினு நெழல்ல உக்காந்திருப்போம்" என்று தண்ணீர்க் குழாயடியில் லோகநாயகி காதுபடப் பேசினார்கள். அவள் கேட்டுக்கொண்டே குடத்தை நிரப்பினாள். பொன்னேரி பஸ்ஸில் கண்டக்டர் அதே ஏச்சு ஏசினான். அக்கா சட்டியை வாங்க வரவில்லை. இவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்கா வாங்கி வைத்துவிட்டு, "சாப்புட்டியாடி?" என்று மட்டும் கேட்டாள்.

பந்தின் பாடு நிலா வெளிச்சத்தில் வந்தது. பதினோரு பேரும் இறங்கினார்கள். இறாலைவிட நண்டு அதிகம் விழுந்தது. நண்டு வலையை வெட்டியது. வலையை முடிந்து முடிந்து இழுத்ததில் ஒரு புதுப் பந்துக்கு வழி பிறந்தது.

தை மாசம் அனுப்பம்பட்டுக்காரர்கள் வந்து கோட்டை மேட்டில் ஆடினார்கள். குப்பமே கரையில் நின்றது. குழாயடியில் பேசினவர்களும் நின்றார்கள். தேசப்பன் ஒரு கோல் போட்டான். அது எப்படி விழுந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. அதற்கு முன்னும் பின்னும் அனுப்பம்பட்டுக்காரர்கள் போட்டார்கள்.

வெயில் இறங்கியதும் தாமோதரன் தெற்குக் கோலடியில் வந்து உட்கார்ந்தான். முழங்கை தோல் உரிந்திருந்தது. லோகநாயகி கூடையோடு வந்தாள்.

"தோத்துட்டியா?"

"தோத்தோம்."

"எங்க?"

அவன் அவளைப் பார்த்தான். கோட்டை முள்காட்டைப் பார்த்தான், செங்கல் பதித்த எல்லைக்கோட்டைப் பார்த்தான், கழியில் பச்சை பிடித்திருந்த ஆணியைப் பார்த்தான்.

"இங்கதான்."

"அப்போ சரி. சட்டையக் கழட்டு. தொவைக்கணும்."

அவன் கழற்றிக் கொடுத்தான். அவள் அதை ஆணியில் மாட்டிவிட்டு அடுத்தவன் சட்டைக்குக் கை நீட்டினாள்.